தண்ணீர் என்று எழுதிக்கொண்டார்கள்

குல்சமன் என் கடைக்கு வேலைக்கு வந்த முதல் நாளே, ஒரு துணிக்கட்டைப் பிரிக்காமல் மேலாகக் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சித்தி, உள்ள ஊசி கெடக்கு" என்றாள். பிரித்துப் பார்த்தால் இருந்தது. கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கின் தோர்தோய் சந்தையில், ஒரு கப்பல் பெட்டியைக் கடையாக்கி, கல்யாணத் துணி விற்றே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. என் கைக்குத் தட்டுப்படாத ஊசி இவள் கைக்குத் தட்டுப்பட்டது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

"எங்கடி கத்துக்கிட்டே இந்த வித்தையை?"

"ஜெயில் வாசல்ல, சித்தி. கைதிங்களைப் பாக்க வர்ற பொம்பளைங்களைத் தடவிப் பாக்கற உத்தியோகம். ரொட்டிக்குள்ள சிம் கார்டு வெச்சுக் கொண்டாருவாங்க. ஒருத்தி கைக்குழந்தையோட குல்லாவுக்குள்ள பிளேடு வெச்சிருந்தா."

"புடிச்சுக் குடுத்தியா?"

"பிளேடை எடுத்துக்கிட்டு, குல்லாவை மாட்டி விட்டுட்டேன். வெளிய பனி பெஞ்சுதே."

அப்படிப்பட்ட பெண் அவள். ஊர், ஆப்கானிஸ்தானில் பக்லான் பக்கம்; நானும் அந்த நாட்டுக்காரிதான். எங்கள் நாட்டில் ஆட்சி மாறியபோது சிறைக் கதவுகளும் திறந்தன. நேற்று வரை உள்ளே இருந்தவன் கையில் இன்று துப்பாக்கி. வாசலில் நின்று தங்கள் அம்மாவையும் பெண்டாட்டியையும் தடவிப் பார்த்தவள் யார் என்பதை அவர்கள் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழைத்துப் போனார்கள். மூன்று நாள் கழித்து, புருஷன் ஏவாஸ் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சி மீட்டு வந்தான். அதற்கு அப்புறம் எல்லையைத் தாண்டி, மலையைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தார்கள். அகதி என்று ஒரு காகிதம் கிடைத்தால் இருக்கலாம். கிடைக்காவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் பிடித்து, அதே ஆட்கள் கையில் திருப்பிக் கொடுப்பார்கள்.

கடையில் அவளுக்கு வேலை, கட்டைப் பிரித்து நல்ல துணியை ஒரு பக்கம் அடுக்குவது, கறை பட்டதையும் இழை அறுந்ததையும் மறு பக்கம் தள்ளுவது. தள்ளின துணிக்குச் சந்தை முழுக்க ஒரே ருஷ்யச் சொல்தான்: பிராக். கிர்கிஸ்காரன், சீனாக்காரன், நாங்கள், எல்லாரும் அதைத்தான் சொல்வோம். குல்சமன் கற்றுக்கொண்ட முதல் ருஷ்யச் சொல்லும் அதுதான். இதில் ஒரு கூத்து உண்டு. அரசாங்கக் காகிதங்களில் கல்யாண பந்தத்துக்கும் அதே சொல்தான், பிராக். நான் இருபது வருஷம் புருஷனோடு குடித்தனம் நடத்தியவள், எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால் சந்தைக்கு வருகிறவர்கள் கல்யாண விருந்தைப் பற்றிப் பேசுவார்களே தவிர காகிதத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். அதனால் குல்சமனுக்கு அந்த இன்னொரு அர்த்தம் தெரியாது.

அவளிடம் சில விசித்திரங்கள் இருந்தன. யாரும் தனக்குப் பின்னால் நிற்க விடமாட்டாள். பயம் வந்தால் சிரிப்பாள், முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். தேநீர் தொடவே மாட்டாள். ஆப்கான்காரி தேநீர் குடிக்கவில்லை என்றால் உலகம் தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஏவாஸ் நல்ல மாதிரி. சந்தையில் வண்டி தள்ளுவான். "போஷ், போஷ்" என்று அவன் வழி கேட்டுக் கத்தும் சத்தம் நாலு வரிசைக்கு அப்பால் கேட்கும். "ஏண்டா, சரக்கைத் தள்றியா, ஊரையே தள்றியா?" என்பேன். "நீங்க ஒதுங்குங்க சித்தி, உங்களைத் தள்ள ரெண்டு வண்டி வேணும்" என்பான். அவனிடம் ஒரே ஒரு பெருமை இருந்தது. சூப்புக் கடையில் உட்கார்ந்தால், கேட்கிறவனுக்கும் கேட்காதவனுக்கும் அதைச் சொல்வான்.

"என் பொண்டாட்டி ஜெயில்காரிய்யா. மூணு நாள் வெச்சிருந்தானுங்க, ஒரு விரல் பட்டிருக்கும்ங்கறே? தேத்தண்ணி போட்டுக் குடுத்து உக்கார வெச்சிருந்தானுங்க. பயம்."

அவள் வீட்டுக்கு வந்த அன்று அவன் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறான், அடித்தார்களா என்று. இல்லை, தேநீர் கொடுத்தார்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு அவன் வீடு கட்டிக் குடியேறிவிட்டான். அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் குல்சமன் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

காகிதத்துக்கான முதல் விசாரணைக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்கள். ருஷ்ய மொழிக்கு மாற்றிச் சொல்ல மன்ஸூர் என்ற தஜிக்காரன். தஜிக்கும் நாங்கள் பேசும் தாரியும் அக்கா தங்கை மொழிகள், இங்கே எல்லாருக்கும் அவன்தான். நானே வந்து சொல்கிறேன் என்றேன். தெரிந்தவர்கள் கூடாதாம். தெரியாதவனிடம்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டுமாம், என்ன சட்டமோ. சாயங்காலம் திரும்பி வந்தவள் முகம் லேசாகியிருந்தது.

"சொல்லிட்டேன், சித்தி. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்."

"சரி, ஜான்" என்றேன், கண்ணே என்று சொல்வதுபோல.

"அந்த மன்ஸூர் கௌரவமான மனுஷன். முகமே மாறல. நான் சொன்னதை அப்படியே சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார்."

அன்று ராத்திரி அவள் எங்கள் வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

இரண்டாவது விசாரணையும் முடிந்தது. பனிக்காலத்தில் பதில் வந்தது: இல்லை. நூர்ஸாத் என்று ஒரு கிர்கிஸ் பெண் வக்கீல், இந்த மாதிரி ஆட்களுக்குச் சும்மாவே வாதாடுகிறவள். காரணங்களை எனக்குச் சுருக்கமாகச் சொன்னாள். குல்சமன் நடந்ததை வரிசையாகச் சொல்லவில்லை. கஷ்டத்தைச் சொல்லும்போது சிரித்தாள். அடைத்து வைத்திருந்த இடத்தில் சாப்பாடு தண்ணீர் விஷயத்தில் இரண்டு முறை இரண்டு விதமாகப் பேசினாள்.

"சாப்பாடு தண்ணியா? பொம்பளையைத் தூக்கிட்டுப் போயிருக்கான், இவங்க சமையல்கட்டைப் பத்திக் கேக்கறாங்களா?" என்றேன்.

"சின்னதுல பொய் இருந்தா பெரிசுலயும் இருக்கும்னு நெனைக்கறாங்க, அக்கா. கோர்ட்டுக்குப் போவோம்."

போனோம். நூர்ஸாத் கேட்டு வாங்கிக் கொடுத்ததால் நான் பின் பெஞ்சில் உட்கார இடம் கிடைத்தது. நீதிபதி ஐம்பது தாண்டிய அம்மாள், மரியாதையான குரல். குல்சமனும் ஏவாஸும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில். மனு இருவருக்கும் சேர்த்துத்தான். ஏவாஸ் சவரம் செய்து, புதுத் தொப்பி வாங்கி, அதை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். குல்சமனின் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து, அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் நீதிபதி. ஒரு கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அப்புறம் காகிதத்தைப் பார்த்துக் கேட்டார்: "முதல் விசாரணையில், மூன்று நாளும் தண்ணீர் இல்லாமல் வைத்திருந்தார்கள் என்றீர்கள். இரண்டாவது விசாரணையில், தண்ணீர் கொடுத்தார்கள், தேநீர்கூடக் கொடுத்தார்கள் என்றீர்கள். எது சரி?"

மன்ஸூர் அவள் பக்கம் திரும்பி, எங்கள் மொழியில், தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"மூணு நாளும் அவங்க உங்களை பே-ஆப் ஆக்கினாங்கன்னு மொதல்ல சொல்லியிருக்கீங்க. அப்புறம் இல்லைங்கறீங்க. எது உண்மை?"

ஆப் என்றால் தண்ணீர், பே என்றால் இல்லாமல். வயலைச் சொன்னால், காய்ந்த வயல். ஒரு பெண்ணைச் சொன்னால் எங்கள் ஊர்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கெடுத்துவிட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வார்கள், தலையைக் குனிந்துகொண்டு. மன்ஸூரின் ஊரில் அந்த வழக்கம் இல்லை. அதனால்தான் அன்று அவன் முகம் மாறவில்லை. கௌரவம் எல்லாம் ஒன்றும் இல்லை, அவனுக்குப் புரியவே இல்லை. தண்ணீர் என்று நினைத்து ருஷ்ய மொழியில் தண்ணீர் என்றே சொல்லியிருக்கிறான். இரண்டாவது விசாரணையில் தண்ணீர் கொடுத்தார்களா என்று நேராகக் கேட்டிருப்பார்கள், அவளும் கொடுத்தார்கள் என்றிருப்பாள். இப்போது அதையே தாரிக்குத் திருப்பும்போது, தன்னை அறியாமல் சரியான சொல்லைத் தூக்கி அவள் புருஷன் காதில் போட்டுவிட்டான்.

ஏவாஸின் கையில் தொப்பி சுற்றுவது நின்றது. குல்சமன் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நீதிபதி அதைப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன். "அம்மா, அது தண்ணி இல்ல. இவனுக்கு ஒரு மண்ணும் தெரியல."

"உட்காருங்கள். இன்னொரு தடவை எழுந்தால் வெளியே போக வேண்டியிருக்கும்."

நூர்ஸாத் குனிந்தபடி என்னிடம் வந்தாள். அவள் காதில் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம் போய், மொழிபெயர்ப்பில் தவறு நடந்திருக்கிறது என்றும், மனுதாரரின் கணவர் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் நல்லது என்றும் நீதிபதியிடம் கேட்டுக்கொண்டாள்.

"நான் எதுக்கு வெளிய போகணும்?" என்றான் ஏவாஸ். "இது என் வழக்கும்தான்."

சட்டப்படி அவன் சொன்னது சரி. நீதிபதி குல்சமனைப் பார்த்து, "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்" என்றார். மன்ஸூருக்கு இப்போது புரிந்துவிட்டது. காது சிவந்து, குரல் தணிந்து, அவளிடம் கேட்டான்.

ஏவாஸ் அவள் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்தபடி தாரியில் சொன்னான்: "தண்ணி குடுத்தாங்கன்னு சொல்லு."

அதை யாரும் ருஷ்ய மொழிக்கு மாற்றவில்லை.

சொல்லாவிட்டால் காகிதம் போச்சு. சொன்னால் புருஷன் போச்சு. அது அந்த அறையில் எங்கள் மொழி தெரிந்த எல்லாருக்கும் தெரிந்தது. அவள் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். மன்ஸூரைப் பார்க்கவில்லை. நேராக நீதிபதியிடம், சந்தையில் பொறுக்கின தன் அரைகுறை ருஷ்யத்தில் பேசினாள்.

"மூணு நாள். ஆம்பளைங்க, நாலு. நான் பிராக்."

நீதிபதிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "கல்யாணமா?" என்றார்.

குல்சமன் இல்லை என்று தலையை ஆட்டினாள். தன் முக்காட்டின் ஓரத்தை மேஜைமேல் விரித்து, கடையில் செய்வது போல உள்ளங்கையால் நீவினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே தேய்த்துக் காட்டினாள். பிறகு அதை அப்படியே சுருட்டி ஒரு பக்கமாகத் தள்ளினாள். இந்த ஊரில் தோர்தோய் சந்தையோடு சம்பந்தம் இல்லாத குடும்பம் கிடையாது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

எனக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீதிபதி ஏவாஸிடம் கேட்டார், இதுபற்றி உங்களுக்குத் தெரியுமா என்று. அவன் எழுந்தான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"பொய்ம்மா. காகிதத்துக்காகச் சொல்றா. ஒருத்தன்கூடத் தொடல."

அடப்பாவி. ஒரே வாயால் இரண்டு பேர் தலையிலும் மண் அள்ளிப் போட்டான். நீதிபதி குல்சமனைப் பார்த்தார். "உங்கள் கணவர் பொய் என்கிறாரே?"

"அவர் அங்க இல்ல" என்றாள் அவள்.

தீர்ப்பை அந்த அம்மாள் மெல்லிய குரலில்தான் வாசித்தார். மனு தள்ளுபடி. முக்கியமான விஷயத்தில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் தனக்குத் தெரிந்த அர்த்தத்தைத்தான் சொன்னதாக நேர்மையாக ஒப்புக்கொண்டார், அகராதியிலும் அந்த அர்த்தம் இருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தி முதலிலேயே சொல்லியிருப்பாள், நிராகரித்த பிறகு சொல்வது சந்தேகத்துக்கு இடமானது. முதலிலேயே சொன்னாள், அம்மா. வாயைத் திறந்த முதல் நாளே சொன்னாள். தண்ணீர் என்று எழுதிக்கொண்டது நீங்கள்தான்.

வாசல் படியில் நூர்ஸாத் சொன்னாள்: "மேல் கோர்ட் இருக்கு. அன்னைக்கு வெக்கத்துல மறைச்சுட்டேன்னு ஏவாஸ் ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், அக்கா. இல்லேன்னா அவ தனியா மனு போடணும், புருஷன் பொய் சொன்னார்னு அவளே எழுதணும். அது கஷ்டமான வழி."

மறுநாள் வண்டிக்காரர்கள் நிற்கிற இடத்துக்கு நானே போனேன். ஏவாஸ் காலி வண்டியில் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்து வாடா. ஒரு வரி. கையெழுத்துப் போட்டுட்டு வந்து உக்காரு."

"சித்தி, நீங்க பெரியவங்க. இதுல வராதீங்க."

"வராம? நாளைக்கு அவளைப் புடிச்சு அங்க அனுப்பினா என்னடா செய்வே? மறுபடியும் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போய்க் கெஞ்சுவியா?"

அவன் கண் கலங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் கல் இல்லை.

"நான் அப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கே சந்தை முழுக்கத் தெரியும். சூப்புக் கடையில என் பக்கத்துல யார் உக்காருவான்? இப்ப அவளை என்னங்கறாங்க? காகிதத்துக்காகப் பொய் சொன்னவங்கறாங்க. சொல்லட்டும். பொய்க்காரியோட நான் வாழ்ந்துருவேன், சித்தி."

"நெசத்தைச் சொன்னவளோட?"

தூரத்தில் யாரோ வண்டி என்று கூப்பிட்டார்கள், எழுந்து போனான். அன்றைக்கு அவன் வழி கேட்டுக் கத்தியதாக எனக்குக் காதில் விழவில்லை.

குல்சமனிடம் மறைக்காமல் சொன்னேன். மறைத்துப் பேசிப் பட்டது போதும் என்று இருந்தது. அவள் துணியை நீவிக்கொண்டே கேட்டாள். ஒரு கேள்விதான் கேட்டாள், மேல் கோர்ட்டுக்குக் கடைசி நாள் என்றைக்கு என்று.

அடுத்து வந்த நாட்களில் ஏவாஸ் தினமும் காலையில் கடைக்கு ஒரு கெட்டில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்கிறானாம். எதைக் கொண்டுவந்து கேட்கிறான் பாருங்கள். அவள் அதைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கெட்டிலைக் கழுவி, அவன் எடுத்துப் போகிற இடத்தில் வைப்பாள்.

கடைசி நாளன்று மத்தியானம், ஒரு கட்டைப் பாதி பிரித்த நிலையில் அப்படியே விட்டுவிட்டு, "சித்தி, கடையைப் பூட்டுங்க. அந்த வக்கீலம்மாகிட்டப் போகலாம்" என்றாள்.

நூர்ஸாத் கணினி முன்னால் உட்கார்ந்து புது மனுவை நிரப்பினாள். இந்த முறை மன்ஸூர் இல்லை, நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஆனாலும் நூர்ஸாத், குல்சமனுக்குக் கொஞ்சம் ருஷ்யம் வருகிறதே என்ற நல்ல எண்ணத்தில், அவள் முகத்தைப் பார்த்தே நிதானமாகக் கேட்டாள். பெயர். அப்பா பெயர். பிறந்த ஊர். எல்லாவற்றுக்கும் குல்சமன் தானே பதில் சொன்னாள்.

அடுத்த கேள்வியையும் நூர்ஸாத் அதே குரலில் கேட்டாள்: "நீங்கள் பிராக்கில் இருக்கிறீர்களா?"

குல்சமன் தலையைக் குனிந்தாள். இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை.

"ஆமா" என்றாள். "நான்தான் கோர்ட்டுலயே சொன்னேனே."

நூர்ஸாத்துக்கு விளங்கவில்லை, 'ஆம்' என்று தட்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அது இல்லடி, ஜான். அவங்க அதைக் கேக்கல. அதே வார்த்தைதான், ஆனா காகிதத்துல அதுக்குக் கல்யாண பந்தம்னு அர்த்தம். உனக்குப் புருஷன் இருக்கானான்னு கேக்கறாங்க."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அதுவா?" என்றாள். "அது இல்லைன்னு எழுதச் சொல்லுங்க, சித்தி."